இரு கரை மீனவர் பேச்சுக்குப் போகும் முன்: கணக்கு எழுதுகிறவன் சொல்லும் வழி

இலங்கை மீனவரோடு பேச்சுவார்த்தைக்குப் போகிற நம் தமிழ்நாட்டு மீனவர் சங்கங்கள் பெரும்பாலும் ஒரு கோரிக்கைத் தாளோடு போகின்றன. கைதானவர்களை விடுதலை செய்ய வேண்டும், படகுகளைத் திருப்பித் தர வேண்டும், பாரம்பரிய உரிமையை மதிக்க வேண்டும். எதிரே உட்காருகிற இலங்கை வடமாகாண மீனவரிடமும் ஒரு தாள் இருக்கும். இழுவை மடியை, அதாவது கடலடியை வாரி இழுக்கும் வலையை, நிறுத்து என்று ஒரே வரி. இரண்டு தாளையும் மாறி மாறி வாசித்து, போட்டோ எடுத்துக்கொண்டு கலைய ஒரு நாள் போதும். சென்னையில் 2014 ஜனவரியில், கொழும்பில் அதே ஆண்டு மே மாதத்தில், மறுபடியும் சென்னையில் 2015 மார்ச்சில், டெல்லியில் 2016 நவம்பரில், வவுனியாவில் 2025 மார்ச்சில் என்று கூட்டங்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. படகு பிடிபடுவதும் நிற்கவில்லை, வலை அறுபடுவதும் நிற்கவில்லை.

நான் பாம்பனில் ஒரு நாட்டுப்படகு மீனவர் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன். என் மச்சான் தங்கச்சிமடத்தில் அந்த மடியை இழுக்கும் விசைப்படகு ஒன்றில் டிரைவர். விசேஷம் என்றால் இரண்டு கட்சியும் ஒரே பந்தியில் உட்காருகிற குடும்பம் எங்களுடையது. அதனால் இந்தத் தகராறின் எந்தப் பக்கத்தையும் என்னால் தூரத்தில் வைத்துப் பார்க்க முடியாது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மண்டபம், நாகப்பட்டினம், காரைக்கால் பக்கமிருந்து புதிதாகச் சங்கப் பொறுப்புக்கு வந்திருக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். முதலில் சொல்ல வேண்டியது: கோரிக்கைத் தாளை வீட்டில் வையுங்கள், கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

முதலில் படிக்க வேண்டியவை

இரண்டே உடன்படிக்கைகள். ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் படித்துவிடலாம். 1974 உடன்படிக்கை, ஆதாம் பாலத்திலிருந்து பாக் நீரிணை வரை உள்ள வரலாற்று நீர்ப்பரப்பில் எல்லைக்கோடு போட்டது. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது அப்போதுதான். அதன் 5ஆவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே விசா இல்லாமல் கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. 6ஆவது பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் ஒன்று மற்றொன்றின் கடலில் பாரம்பரியமாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்கிறது. நம் ஆட்கள் மேடையில் எடுத்துக்காட்டுவது இந்த இரண்டையும்தான்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் எல்லை போட்டபோது, இரு அரசுகளும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டன. அதில் ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில், வரலாற்று நீர்ப்பரப்பு உட்பட, வெளிப்படையான அனுமதி இல்லாமல் மீன்பிடிக்கக் கூடாது என்று இருக்கிறது. எதிரே இருப்பவர்கள் இதை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். நீங்கள் 6ஆவது பிரிவைச் சொன்னதும் அவர்கள் இந்தக் கடிதத்தை எடுப்பார்கள். முதல் முறையாக அதை அந்த அறையில் கேட்டு முகம் சுருங்குவதைவிட, தெரிந்துகொண்டு போவது நல்லது. ‘அனுமதி இல்லாமல்’ என்ற அந்தச் சொற்களில்தான் சின்னதாக ஒரு வாசலும் இருக்கிறது. எந்தப் படகுக்கு, எந்த வலைக்கு, எத்தனை நாளுக்கு அனுமதி என்று பேச்சைத் திருப்பலாம்.

வக்கீல்கள் யாராவது ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73ஆவது பிரிவைச் சொல்லித் தருவார்கள். மீன்பிடித் தவறுக்குச் சிறைத் தண்டனை கூடாது, பிணையில் உடனே விட வேண்டும் என்ற பிரிவு. நல்ல பிரிவுதான். ஆனால் அது கரையை விட்டுத் தள்ளியுள்ள பொருளாதார மண்டலக் கடலுக்கு எழுதப்பட்டது. 1974 கோடு ஓடுவது வரலாற்று நீர்ப்பரப்பில். அதைப் பிரம்மாஸ்திரமாக நினைத்து எடுத்துக்கொண்டு போனால் ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். 123ஆவது பிரிவு நமக்கு அதிகம் உதவும். பாதி மூடிய கடல்களைச் சுற்றியுள்ள நாடுகள் மீன்வளத்தையும் சுற்றுச்சூழலையும் சேர்ந்து கவனிக்க ஒத்துழைக்க வேண்டும் என்று அது சொல்கிறது.

இலங்கைச் சட்டத்தில் இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டுப் படகுகளைப் பற்றிய 1979ஆம் ஆண்டுச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டு, படகின் நீளத்தைப் பொறுத்துப் பெருந்தொகை அபராதம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2017இல், இழுவை மடித் தொழிலையே அவர்கள் தங்கள் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். அதாவது நம் விசைப்படகு அங்கே எல்லை தாண்டிய குற்றத்தோடு, அவர்கள் சொந்த மக்களுக்கே தடை செய்த தொழிலைச் செய்யும் குற்றத்தையும் சேர்த்துச் சுமக்கிறது.

கணக்கு நோட்டு

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். குறைந்தது ஒரு முழுப் பருவத்துக்காவது நோட்டு போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் முடிந்து படகு இறங்கும் நாளில் தொடங்கினால் வசதி.

ஒவ்வொரு பாட்டுக்கும், அதாவது கடலுக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவைக்கும், ஒரு வரி. புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், டீசல் எத்தனை லிட்டர், ஐஸ் எத்தனை பெட்டி, ஆள் எத்தனை. பிறகு மீன். இறால், நண்டு, கணவாய், நகரை, காரல் எனத் தனித்தனியாக எடையும் ஏல விலையும். கடைசியாகச் சங்காயம் எத்தனை கிலோ. இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் நம் ஆட்கள் எழுத மறுப்பார்கள். கோழித்தீவனத்துக்குப் போகிற குப்பை மீன் தானே, அதை ஏன் எழுத வேண்டும் என்பார்கள். ஏலக்கூடத்தில் சங்காயக் குவியலின் பக்கத்தில் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். விரல் நீளம்கூட வராத நண்டுக் குஞ்சுகள், கண் மட்டும் பெரிதாகத் தெரியும் காரல் குஞ்சுகள், வேரோடு பிடுங்கி வந்த தாழைப் புல். பாக் விரிகுடாவில் பெரும்பாலான இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் ஆழம் கிடையாது. அங்கே அடியோடு வாரினால் வருவது அடுத்த வருஷத்து மீன். அந்தக் குவியலின் எடையை எழுதினால்தான், இந்தத் தொழிலில் நாம் எதை விற்று எதை வாங்குகிறோம் என்று நமக்கே தெரியும்.

இன்னொரு நோட்டு செலவுக்கு. ஒரு படகு பிடிபட்டால் உரிமையாளருக்கு என்ன ஆகிறது, டிரைவருக்கு என்ன ஆகிறது, கூலிக்குப் போன நான்கைந்து பேர் வீட்டில் அந்த மாதம் யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்று எழுதுங்கள். இரண்டாம் முறை பிடிபடுபவருக்கும் டிரைவருக்கும் இப்போது சிறைத் தண்டனை விழுகிறது. கரையில் இருக்கும் முதலாளிக்கும் கடலில் இருக்கும் கூலியாளுக்கும் ஆபத்து ஒரே அளவு இல்லை. நோட்டில் அது தெரிய வேண்டும்.

வடக்கிலிருந்து வருபவர்களும் நோட்டு கொண்டு வரட்டும் என்று முன்கூட்டியே தகவல் அனுப்புங்கள். அவர்களில் பெரும்பாலோர் சின்ன ஃபைபர் படகில் வெளி இன்ஜின் மாட்டி, ராத்திரியில் வலை விட்டு, விடியலில் அதை இழுத்தெடுப்பவர்கள். யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னது: “திங்கள், புதன், சனி எண்டால் நாங்கள் வலை விடுறேல்ல, தம்பி.” அவை ராமேஸ்வரம் விசைப்படகுகள் டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகும் நாள்கள். நம் ஊரில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பிரித்துக்கொண்டது நம் வலையும் அறுபடக் கூடாது என்பதற்காகத்தான். அந்த ஏற்பாட்டின் பாதிச் சுமையை எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருவர் கேட்காமலே சுமக்கிறார்.

அவர்கள் அறுபட்ட வலையைக் கொண்டு வந்தால் கையில் வாங்கிப் பாருங்கள். கத்தியால் வெட்டிய மாதிரி இருக்காது. இழுவைப் பலகையும் மடியும் மேலே ஏறி இழுத்துக்கொண்டு போனதால் மேல்கயிறு முறுக்கிக் கிடக்கும். மிதவைகள் ஒன்றோடொன்று நசுங்கியிருக்கும். நடுவில் துண்டு துண்டாகக் கண்ணிகள். ஒரு சில இடத்தில் தைக்கலாம் போலத் தோன்றும், ஆனால் கயிறு நீளம் கோணிவிட்டதால் திரும்பக் கடலில் நிற்காது. முப்பது ஆண்டுப் போரில் கடலுக்கே போக விடாமல் வைக்கப்பட்டிருந்தவர்கள் 2009க்குப் பிறகு நகையை அடகு வைத்து வாங்கிய வலை அது. அந்தப் போர் ஆண்டுகளில் நம் படகுகள் அங்கே போட்டியில்லாமல் தொழில் செய்தன என்பது அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாமும் நினைவில் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

யாரை அழைத்துப் போவது

உரிமையாளர்கள் மட்டும் போகிற குழு வேண்டாம். ஒரு டிரைவர், கூலிக்குப் போகிற ஒருவர், ஒரு நாட்டுப்படகுக்காரர், கணக்குச் சொல்லத் தெரிந்த ஒருவர், கட்டாயம் பெண்கள். மீனை உலர்த்துவது, ஏலத்தில் எடுத்து விற்பது, சிறைக்குப் போனவரின் வீட்டை ஓட்டுவது, கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு வெயிலில் நிற்பது எல்லாம் அவர்கள்தான். அவர்கள் இருக்கும் கூட்டத்தில் பேச்சு சீக்கிரமே அரிசி, பள்ளிக் கட்டணம், வட்டி என்று தரைக்கு வந்துவிடும்.

அங்கிருந்து யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் நான்கு மாவட்டத்துக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் ஆட்களும் வரும்படி கேளுங்கள். மன்னார்க்காரர் பிரச்சினையும் பருத்தித்துறைக்காரர் பிரச்சினையும் ஒன்றல்ல. குருநகர் பக்கம் அவர்களிடமே உள்ளூர் இழுவைப் படகுகள் உண்டு. தங்கூசி வலை, அதாவது ஒற்றை இழை நைலான் வலை, அங்கே சட்டப்படி தடை, ஆனாலும் புழக்கத்தில் இருக்கிறது. இதைச் சண்டைக்கு எடுக்காதீர்கள். ‘உங்கள் ஊரில் இதை எப்படி நிறுத்தப் பார்க்கிறீர்கள்’ என்று கேட்டால், மாற்றுத்தொழில் பற்றிய பேச்சு தானாக ஆரம்பமாகும்.

நேரில் முகம் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. பிப்ரவரி, மார்ச்சில் வரும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா அதற்கு நல்ல இடம். அந்த 5ஆவது பிரிவு இன்றைக்கும் உயிரோடு இருப்பது அங்கேதான். இரண்டு நாட்டுச் சனமும் ஒரே மணலில் படுத்து, ஒரே கொடியேற்றத்தைப் பார்க்கிறது. 2024இல் டிரைவர்களுக்குச் சிறை விதித்ததை எதிர்த்து ராமேஸ்வரத்தார் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் சும்மா உட்கார்ந்து பேசக் கிடைக்கும் ஒரே இடத்தை நாமே மூடிக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. அங்கே பேனர் வேண்டாம், கோஷம் வேண்டாம். போன் நம்பர் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

எதை முதலில் எடுப்பது

உயிரை. 2024 ஜூனில் நம் படகைப் பிடிக்கும்போது இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். ஆகஸ்டில் கடற்படைக் கலம் மோதி ராமேஸ்வரம் மீனவர் ஒருவர் இறந்தார். இரண்டு மரணத்தையும் சேர்த்துச் சொல்லித் தொடங்குங்கள். துப்பாக்கிச் சூடு கூடாது என்று இரு அரசும் 2008 அக்டோபரிலேயே கூட்டறிக்கை விட்டிருக்கின்றன. 2016இல் இரு நாட்டுக் கடலோரக் காவல்படைகளுக்கும் நேரடித் தொலைபேசி இணைப்பு ஒப்புக்கொள்ளப்பட்டது. இன்ஜின் பழுதாகி, காற்றில் தள்ளி எல்லை தாண்டிப் போகிற படகைப் பற்றி மட்டும் முதலில் பேசுங்கள். இரண்டு கரையிலும் அது நடக்கிறது, இரண்டு கரையிலும் அதற்கு யாரும் எதிர்ப்பு சொல்ல மாட்டார்கள். விஎச்எஃப் ரேடியோவின் 16ஆம் சேனலில் கூப்பிட்டேன், கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குத் தகவல் போனது, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் நபமித்ரா கருவியில் அவசரச் செய்தி பதிவானது என்று காட்ட முடிந்தால் அந்தப் படகை வேறு விதமாக நடத்த வேண்டும் என்று ஒரு வரி எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடலாம். கைபேசி டவரை நம்பிக் கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்த வாசகம் பொருந்தாது என்பதால், அந்தக் கருவியை நம் ஆட்கள் அணைத்து வைக்காமல் இருக்க இதுவே ஒரு காரணமாகும்.

இரண்டாவதாகக் கடல் குப்பை. 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது நம் கடலோரக் காவல்படைக் கப்பல்களும் போய்த் தீயணைத்தன. அதிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் குருணை இலங்கையின் மேற்குக் கரையை மூடியது. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கி, அதே மாதிரிக் குருணை நம் தென்கரைக்கும் வந்தது. கரையில் ஒதுங்கிய அன்றே ஒருவருக்கொருவர் படம் அனுப்புவது என்று முடிவு செய்தால் போதும். செலவில்லாத ஒப்பந்தம் இது. கையெழுத்துப் போட்டுப் பழகவும் உதவும்.

அப்புறம்தான் வலை நஷ்டம், நாள், மடி. வலை நஷ்டத்துக்கு இரு சங்கங்களும் சேர்ந்து விசாரிக்கும் ஒரு சிறு குழு கேளுங்கள். தேதி, நேரம், இடத்தின் ஜிபிஎஸ், படகின் பதிவெண் கிடைத்தால் அதுவும். நம் டிரைவர் பெயர் வந்தால் காப்பாற்றப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு வழக்கில் நம் சங்கம் நஷ்டம் கொடுத்தால்கூட அடுத்த ஐந்து கூட்டங்களின் பேச்சே மாறும்.

நாள் கணக்கில் கவனம் வேண்டும். 2015இல் சென்னையில் நம் தரப்பு மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 83 நாள் அனுமதி கேட்டது. அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஏன் என்று அவர்கள் இடத்தில் இருந்து பாருங்கள். மூன்று ஆண்டு முடிவில் எத்தனை படகு குறைந்திருக்கும் என்று அந்தக் கோரிக்கையோடு ஒரு எண்ணும் ஒட்டியிருக்கவில்லை. நாளைக் கேட்பதற்கு முன் படகைச் சொல்லுங்கள். இந்த ஆண்டு இத்தனை இழுவை மடிப் படகு உடைக்கப்படும், அடுத்த ஆண்டு இத்தனை, பட்டியல் இதோ, பதிவெண்ணோடு.

மாற்று என்று அரசு காட்டுவது ஆழ்கடல் சூரைத் தூண்டில் படகு. 2017 ஜூலையில் ராமேஸ்வரத்தில் தொடங்கிய திட்டம். தொடங்கியபோது ஒரு படகு 80 லட்சம் என்று வைத்தார்கள். அதில் பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 10 சதவீதம் நம் கை, மீதி வங்கிக் கடன். 2,000 படகு என்றார்கள், இறங்கியது அதில் சிறு பகுதிதான். காரணத்தை நோட்டில் எழுதிப் போங்கள். ராத்திரி போய் விடியலில் வந்து பழகியவர்கள் பல நாள் கடலில் தங்க வேண்டும். பாக் விரிகுடாவுக்குள் அந்தப் படகுக்கு வேலை இல்லை, மன்னார் வளைகுடாவைத் தாண்டிப் போக வேண்டும். கூலியாளுக்கு அதில் இடமே இல்லாமல் போகலாம். படகை ஒப்படைக்கும் உரிமையாளருக்கு ஈடு கிடைக்கிறது, கூலியாளுக்கு என்ன என்று இரு அரசுகளையும் கேட்க வேண்டிய கேள்வியை வடக்குச் சங்கங்களும் சேர்ந்து கேட்டால் அதற்கு எடை கூடும். அவர்கள் கேட்பார்கள். மடி நின்றால் அவர்களுக்கு லாபம்.

கச்சத்தீவு யாருக்கு என்ற பேச்சை அந்த அறைக்குள் விடாதீர்கள். அது அரசுகளின் மேசை. தீவு திரும்பி வந்தால்கூட நம் மடி இழுக்கும் இடம் அதைத் தாண்டி நெடுந்தீவுப் பக்கம், காங்கேசன்துறைப் பக்கம் இருக்கிறது. வலை அறுபடுவது நிற்காது.

கூட்டம் முடிந்த அன்றே

அதிகாரிகள் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு தயாரிப்பார்கள். தயாரிக்கட்டும். நீங்கள் தமிழில் ஒரு பக்கம் எழுதி, இரண்டு பக்கத்தாரும் வாசித்து, எழுந்திருப்பதற்கு முன் கையெழுத்து வாங்குங்கள். அங்கிருப்பவர்கள் எல்லாருக்கும் தமிழ் தெரியும்போது மறுநாள் வேறு மொழியில் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன? என்ன முடிவானது, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றுக்கு மேல் அதில் எதுவும் வேண்டாம். ஒரு நகல் மீன்வளத்துறை உதவி இயக்குநருக்கு, ஒன்று கலெக்டருக்கு, ஒன்று யாழ்ப்பாணத்து இந்தியத் துணைத் தூதரகத்துக்கு.

இரு நாட்டுக்கும் மீன்வளக் கூட்டுப் பணிக்குழு ஒன்று இருக்கிறது. 2016இல் அமைத்தபோது மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடும் என்றார்கள். ஆறாவது கூட்டம் கொழும்பில் நடந்தபோது 2024 அக்டோபர் ஆகிவிட்டது. அடுத்தது எப்போது, முந்தையதில் என்ன முடிவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நமக்கு 2005 சட்டம், அவர்களுக்கு 2016 சட்டம். இரு கரையிலிருந்தும் ஒரே கேள்வியை ஒரே வாரத்தில் அனுப்பலாம். அறிவியல் கணக்கு வேண்டுமென்றால் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. சென்னையில் வங்காள விரிகுடாத் திட்ட அமைப்பு இருக்கிறது, அதில் இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு நான்கும் உறுப்பினர்கள். உங்கள் சங்காய நோட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குத் தேதி போடாமல் கலையாதீர்கள். நம் ஆட்கள் தடைக்காலத்தில் வைக்கலாம் என்பார்கள், நாம் கரையில் சும்மா இருக்கும் நேரம். அவர்களுக்கோ நம் படகுகள் வராத அந்த இரண்டு மாதம்தான் ஆண்டின் நல்ல பாடு. ஞாயிறு பூசையும் வேண்டாம், வாடைக்காற்று உச்சத்தில் இருக்கும் வாரமும் வேண்டாம். நிலவு காலத்தில் ராத்திரி வலைக்கு மீன் குறைவு, பெரும்பாலும் அப்போது அவர்கள் ஓய்வாக இருப்பார்கள். எதற்கும் நாளை அவர்களையே சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்.